கைப்பிடி இல்லாத பெட்டி

பிப்ரவரி 9

மிளகின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பேனா வரமாட்டேன் என்கிறது.

நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இல்லாவிட்டால் இப்படிப்பட்ட யோசனையெல்லாம் உதிக்குமா?

நேற்று ராத்திரி உங்கள் வீட்டிலிருந்து திரும்பிய மிளகு, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனை நீட்டினாள். "அப்பா எனக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தரப் போறாரு, பாரும்மா." பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே பச்சை, ஊதா, சிவப்பு என்று விளக்கு எரிகிறது. மீன்தொட்டி விற்கிற கடைக்குத் தெரியாமல் போய்விட்டீர்களோ என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கப்பலைக் கரை சேர்க்கிற விளையாட்டு விளையாடுகிறார்கள் அல்லவா, என் பழைய லேப்டாப்பில் அது நடுக்கடலில் உறைந்துபோகிறது. இவள் பங்கு வேலை நின்றதும் கப்பல் மூழ்குகிறது. மற்ற மூன்று பேரும் கத்துகிறார்கள். பதினாலு வயதில் "உன்னாலதான்" என்ற சொல்லைத் தினமும் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் வாங்க வேண்டியது லேப்டாப். திங்கள் முதல் வெள்ளி வரை என்னிடம், வெள்ளி சாயந்திரம் முதல் ஞாயிறு வரை உங்களிடம். துணி, புத்தகம், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் ஒரே பையில் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளைக்கு, தூக்க முடியாத ஒரு இரும்புப் பெட்டி எதற்கு? காதில் பூ சுற்றாதீர்கள். தூக்க முடியாது என்பதற்காகத்தான் அதை வாங்குகிறீர்கள். பெட்டி உங்கள் வீட்டில் இருக்கும், பெட்டிக்குப் பின்னால் பிள்ளையும் வந்துவிடும், அதுதானே கணக்கு?

போனில் பேசினால் கத்துகிறீர்கள், மெசேஜில் அதைவிட மோசம், அதனால் எழுதுங்கள், தபாலில் போடுங்கள், பிள்ளை கையில் கொடுத்தனுப்பாதீர்கள் என்று உங்கள் அக்கா போட்ட சட்டத்தை மதித்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் தப்பு இல்லை.

இப்படிக்கு,
மிளகின் அம்மா


பிப்ரவரி 13

மிளகின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கை சுட்டுக்கொள்ளாமல் எப்படிக் கொண்டுவந்தாரோ தெரியவில்லை.

முதலில் ஒன்று. சேர்ந்து இருந்தவரைக்கும் என்னை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டாய். பிரிந்த பிறகு 'நீங்கள்' என்கிறாய். மாடிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள்ளிருந்து யாரோ மேனேஜருக்கு மனு போடுவது போல இருக்கிறது. உன் இஷ்டம்.

இனி கம்ப்யூட்டர். நான் மீன்தொட்டிக் கடைக்குப் போகவில்லை. இரண்டு மாதமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் லிஃப்ட் மெஷின் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறேன், எங்கள் ஆபீஸ் பையன்களிடம் கேட்கிறேன். லேப்டாப்பில் இருக்கிற கிராபிக்ஸ் கார்டும் பெட்டிக்குள் போடுகிற கிராபிக்ஸ் கார்டும் பெயரில்தான் ஒன்று. லேப்டாப்பில் இருப்பதற்கு மூச்சு விட இடம் கிடையாது. கொஞ்ச நேரம் ஓடியதும் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் கப்பல் மூழ்கும். நம்மால் முடிகிற நடுத்தர விலைக்கு, ஆறு கோர் பிராசசர், பதினாறு ஜிபி ரேம், எட்டு ஜிபி கார்டு, இது போதும். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் பவர் சப்ளை. ஆறு பேர் என்று எழுதிய லிஃப்டில் எட்டுப் பேர் ஏறுவார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் கயிறு போடுகிறோம். இதுவும் அப்படித்தான். நாலு வருஷம் கழித்து கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப் என்றால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆனால் உனக்கு இதெல்லாம் வேண்டாம். உனக்கு மூடி வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும். மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டலாம். வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது, "கணக்குல மார்க் குறைஞ்சிருக்கு, இந்த வாரம் லேப்டாப் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லலாம். பிள்ளை இங்கே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன வருஷம் சைக்கிளை என்ன செய்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிள்ளை பின்னால் வரும் என்று கணக்குப் போட்டேன் என்கிறாயே, சரி, போட்டேன். என் வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, நான். ஞாயிறு மதியத்துக்கு மேல் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள். அவள் வர எனக்கும் ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்தால் அது குற்றமா?

இப்படிக்கு,
மிளகின் அப்பா


பிப்ரவரி 19

மிளகின் அப்பாவுக்கு,

ஒப்புக்கொண்டீர்கள்! தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டீர்கள். இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் போல இருக்கிறது.

சைக்கிள் பேச்சை எடுக்காதீர்கள். பிரேக் பிடிக்காத சைக்கிளைப் பூட்டி வைக்காமல் ஆரத்தி எடுப்பார்களா? பழுது பார்த்துத் தருகிறேன் என்று சொன்னவர் யார்? ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்தவருக்கு ஒரு பிரேக் கட்டையை மாற்ற நேரம் இல்லை.

உங்கள் பட்டியலை எங்கள் கடைக்கு வருகிற ஒரு கம்ப்யூட்டர்காரரிடம் காட்டினேன். அவருக்கு நான்தான் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டித் தருகிறேன், பொய் சொல்லமாட்டார். "சரியாத்தான் எழுதியிருக்காரும்மா" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சரியாகச் சொல்லியிருப்பதைப் பார்க்கும்போது வருகிற எரிச்சல், தப்பாகச் சொல்லும்போது வருவதில்லை.

சரி, பெட்டியே வாங்குங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பொருளை நீங்கள் எழுதவே இல்லை. திரை! எதைப் பார்த்து விளையாடுவாள், உங்கள் முகத்தையா? நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவள் நான். பிள்ளைக்கு இடது கண்ணில் பவர் கூடியிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமா? திரையை நான் வாங்குகிறேன். மினுக்காத, கண்ணைக் குத்தாத, உயரம் ஏற்றி இறக்குகிற திரையாக வாங்குகிறேன். பெட்டி உங்கள் பொறுப்பு. இரண்டும் என் வீட்டில் இருக்கும். ஐந்து நாள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் பொருள் இருக்க வேண்டும். ஜன்னல் ஓரம் இடம் அளந்து வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். மிளகு ஒரு காகிதத்தில் சின்னப் பெட்டி ஒன்றை வரைந்து கொண்டுவந்து காட்டினாள். மேலே ஒரு கைப்பிடி. "இந்த மாதிரி கிடைக்குமாம்மா?" என்றாள். "டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன். இப்போதெல்லாம் எடை பார்க்கிற மெஷினைக் குளியலறையிலிருந்து எடுத்துவந்து அரிசிப் பையை வைக்கிறாள், புத்தகப் பையை வைக்கிறாள், எதை எதையோ வைத்துத் தூக்கிப் பார்க்கிறாள். கேட்டால் "சும்மா" என்கிறாள்.

நேற்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி வேறு கேட்டாள். "இது எனக்கு வாங்குறீங்களா, இல்ல ரெண்டு பேரும் உங்களுக்கு வாங்கிக்கிறீங்களா?" இப்படிப் பேச உங்கள் வீட்டில்தான் கற்றுக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
மிளகின் அம்மா


மார்ச் 2

மிளகின் அம்மாவுக்கு,

பெட்டி வாங்கியாகிவிட்டது. என் வீட்டில் இருக்கிறது. என் வீட்டில்தான் இருக்கும்.

நீ அளந்து வைத்த ஜன்னல் ஓரத்தில் ஒரு பூந்தொட்டி வைத்துக்கொள். ஐந்து நாளும் உன்னிடம் பிள்ளையே இருக்கிறாள். அதற்கு மேல் பெட்டியும் வேண்டுமா? எனக்கென்று ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது என்று சபதமா?

ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே பொருத்தினேன். கார்டு கேபினெட்டுக்குள், அந்த வெளிப் பெட்டிக்குள், நுழையவில்லை, விரல் அகலம் நீளம் கூடிவிட்டது. கடைக்காரன் "வேற கேபினெட் வாங்குங்க" என்றான். நான் கிரைண்டர் எடுத்து உள்ளே இருந்த தகட்டை வெட்டி, ஓரத்தை அரம் போட்டு வழவழப்பாக்கி உள்ளே வைத்தேன். அவள் கை அறுபடக் கூடாது அல்லவா. மேசையும் நானே வெல்டிங் வைத்துச் செய்தேன். ஆடாது. யானை ஏறி நின்றாலும் ஆடாது.

சனிக்கிழமை காலையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லி அறைக்குள் கூட்டிப் போனேன். கண்ணைத் திறந்தாள். சுற்றி வந்து பார்த்தாள். மேலே தடவிப் பார்த்தாள். "இதுக்குக் கைப்பிடி இல்லையாப்பா?" என்றாள். சிரித்துவிட்டேன். கைப்பிடி வைத்த சின்னப் பெட்டியெல்லாம் காற்றோட்டம் இல்லாத மோட்டார் அறை மாதிரி, உள்ளே வெந்துவிடும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். "தேங்க்ஸ்ப்பா. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

அந்த 'தேங்க்ஸ்' எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது சொல்வதைப் போல இருந்தது. இதற்கும் நீதான் காரணம் என்று நினைக்கிறேன். போன வாரம் அவளிடம் என்ன ஓதினாய்?

இப்போது அதை என் பழைய டிவியில் மாட்டி வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் பொறுத்துத்தான் திரையில் நடக்கிறது. பத்து நிமிஷம் விளையாடிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். நீ வாங்கிய திரையை உடனே அனுப்பு. கண் கண் என்று அவ்வளவு எழுதினாயே, அந்தக் கண்ணுக்காகவாவது அனுப்பு.

இப்படிக்கு,
மிளகின் அப்பா


மார்ச் 6

மிளகின் அப்பாவுக்கு,

அனுப்பமாட்டேன்.

திரை இங்கே கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. பெட்டியைக் கொண்டுவந்து வையுங்கள், அடுத்த நிமிஷம் திரையைப் பிரிக்கிறேன். முடியாது என்றால் உங்கள் மங்கல் டிவியைக் கட்டிக்கொண்டு அழுங்கள். பேச்சை மீறியது நீங்கள். நான் ஏன் இறங்கி வர வேண்டும்?

இப்படி எழுதி முடித்துவிட்டு, கவரில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று வேறு ஒன்று நடந்துவிட்டது, அதையும் எழுதுகிறேன். படித்து வயிறு எரியட்டும், எனக்கு எரிகிற மாதிரி.

அந்த மூன்று பேரும் நாலாவதாக வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். "உங்க வீட்ல கம்ப்யூட்டர் வந்ததும் பாத்துக்கலாம்" என்று ஒருத்தி சமாதானம் வேறு. ஒரு வீட்டில் தலை இல்லாத உடம்பு, இன்னொரு வீட்டில் உடம்பு இல்லாத தலை. நடுவில் பிள்ளை. உலகத்தில் வேறு எந்த அப்பா அம்மாவும் ஒரு கம்ப்யூட்டரை இப்படி வாங்கியிருக்கமாட்டார்கள்.

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். "அம்மா, அந்தத் திரை வந்த அட்டைப்பெட்டியை நீ தூக்கிப் போடமாட்டியே?" என்று கேட்டாள். "இல்லடி" என்றேன். "சரி" என்று படுக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் மடியில் போட்டுக்கொண்டிருப்பேன். அழாத பிள்ளையை என்ன செய்வது?

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தத் தாள் போதாது. பின்பக்கமும் எழுதலாம், ஆனால் கடைக்கு நேரமாகிறது.

மிளகின் அம்மா


மார்ச் 16

மிளகின் அம்மாவுக்கு,

இவ்வளவு தூரம் போவாய் என்று நினைக்கவில்லை.

நேற்று மதியம் அவசரமாகக் கூப்பிட்டார்கள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று, உள்ளே ஒரு கர்ப்பிணி. போகாமல் இருக்க முடியுமா? மிளகிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போய்ட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். வேலை முடிந்து, அந்த அம்மாவை வெளியே கொண்டுவந்து, வீட்டுக்குத் திரும்பினால் மேசை வெறுமையாக இருக்கிறது. நான் வெல்டிங் வைத்த மேசை! ஆடவில்லை, ஆனால் மேலே ஒன்றும் இல்லை. சமையலறையில் ஒரு சீட்டு: "அம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்ப்பா. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்."

நான் இல்லாத நேரம் பார்த்து வண்டி வைத்து வந்து தூக்கிப் போயிருக்கிறாய். பிள்ளையையும் கூட்டு சேர்த்திருக்கிறாய். சுமை ஏற்றுகிற என் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியையும் காணோம். அதையும் சேர்த்துத்தான் கொள்ளையடித்தாயா?

நேரில் வந்து கத்தியிருப்பேன். அக்காவிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். பெட்டியைத் திருப்பி அனுப்பு. இல்லாவிட்டால் வாக்காவது, சட்டமாவது.

மிளகின் அப்பா


மார்ச் 16

மிளகின் அப்பாவுக்கு,

திருட்டுத்தனம் உங்கள் குடும்பத்தில் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்று காலையில் வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டால் தங்கு தடையில்லாமல் சுவர்வரை போகிறது. திரை இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. என் பச்சைச் சால்வையும் இல்லை. சனிக்கிழமை நான் கடையில் இருப்பேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

மிளகை எழுப்பிக் கேட்டேன். "உங்கப்பா இங்க வந்தாராடி?" போர்வைக்குள் இருந்தே பதில் சொன்னாள். "எங்கிட்ட ஏன் கேக்குற? உனக்குத்தான் லெட்டர் எழுத வருமே, எழுதிக் கேளு." எழுந்து, பல் துலக்கி, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அதனால் எழுதிக் கேட்கிறேன். என் திரை எங்கே?

மிளகின் அம்மா


மார்ச் 21

மிளகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும். நான் பெட்டியை எடுக்கவில்லை. நீங்களும் திரையை எடுக்கவில்லை என்று இப்போது தெரியும். வேறு யார் என்று யோசிக்க எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆனது. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆகியிருக்கும்.

அன்று பள்ளி விட்டதும் எதிர்ச் சாரியில் மிளகைப் பின்தொடர்ந்து போனேன். சொந்தப் பிள்ளையைத் திருடனைத் தொடர்வது போலத் தொடர வைத்துவிட்டீர்கள். சரி, வைத்துவிட்டோம். அவள் நேராக உங்கள் அக்கா வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை முடித்துவிட்டு அண்ணி மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார் அல்லவா, கதவு திறந்தே இருந்தது. மாடி ஏறினேன். வாசலில் மறித்துக்கொண்டு நின்றார். "உள்ள வரலாம். ஆனா அவன் பேரை எடுக்கக் கூடாது. நாளைக்கு அவன் வந்தா அவனுக்கும் இதேதான்."

அண்ணி துணி தேய்க்கிற நீள மேசையில் உங்கள் பெட்டியும் என் திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து, உங்களிடம் வருவதற்கு முன், என் சால்வையைச் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, திரையைப் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தள்ளுவண்டியில் பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நீங்கள் போடுகிற முடிச்சு, அவிழவே அவிழாதே, அந்த முடிச்சு. பெட்டியின் தலையில் ஒரு கைப்பிடி முளைத்திருக்கிறது. உங்கள் பழைய டூல் பாக்ஸின் கைப்பிடி என்றாள்.

வரும்போதே வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். "ஏண்டி இப்படிப் பண்ணுன? எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று மட்டும்தான் வந்தது.

"சொன்னேனே. கைப்பிடி வேணும்னு ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன்" என்றாள். கத்தவில்லை. "கைப்பிடி இருந்தா ஞாயித்துக்கிழமை அப்பா வீட்லருந்து தூக்கிட்டு வருவேன், வெள்ளிக்கிழமை உன் வீட்லருந்து தூக்கிட்டுப் போவேன். அதுக்குத்தான் எவ்வளவு எடை தூக்க முடியும்னு பாத்தேன். நீங்க யாருமே கேக்கல. உங்க ரெண்டு வீட்லயும் பாதிதான் இருக்கு. இங்கதான் முழுசா இருக்கு."

கம்ப்யூட்டரைத்தான் சொன்னாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனிமேல் பள்ளி விட்டதும் அங்கேதான். ஏழு மணிக்கு என் வீட்டுக்குத் தூங்க வருவாள். வெள்ளி, சனி ராத்திரி உங்கள் வீட்டில் தூங்கிவிட்டு, சனி, ஞாயிறு பகலில் அங்கே. கேட்கவில்லை, அறிவித்துவிட்டாள். நான்தான் ஐந்து நாள் ஐந்து நாள் என்று அடித்துக்கொண்டேன். எனக்கு இப்போது ஐந்து ராத்திரிதான். இதில் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தால் எழுதாதீர்கள்.

மிளகின் அம்மா


மார்ச் 27

மிளகின் அம்மாவுக்கு,

சந்தோஷம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே போனேன். அக்கா எனக்கும் வாசலிலேயே சட்டம் படித்தாள். தாம் தூம் என்று குதித்துவிட வேண்டும் என்றுதான் மாடி ஏறினேன். என் காசு, என் உழைப்பு, என் கைவிரல் அகலத்துக்கு வெட்டின தகடு, எடுத்துப் போக இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. "வலது பக்கம் தண்ணி வருது! அடைங்க, அடைங்க! நான் பாத்துக்கறேன், நீ பாய்மரத்துக்குப் போ!" அப்புறம் ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. என் வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டில் கேட்டாயா?

பழைய கூட்டத்தில் இடம் போய்விட்டதாம். இவள் புதிதாக வேறு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு கப்பல் ஆரம்பித்துவிட்டாள். இவள்தான் தலைவி. அக்கா சொன்னாள்.

நான் உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தவள் என்னைப் பார்த்தாள். "வாப்பா" என்றாள். போய்ப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது, சூடாகவில்லை, உன் திரையும் நல்ல திரைதான். கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். கைப்பிடியில் நாலு ஓட்டை, இரண்டே இரண்டு ஸ்க்ரூ. அந்தத் தகடு மெல்லிசு. தூக்கினால் ஒருநாள் பிய்த்துக்கொண்டு காலில் விழும். வாயைத் திறந்தேன். "அப்பா, கேட்டா சொல்லு" என்றாள். மூடிக்கொண்டேன். எங்கள் வேலையில் இப்படி ஒரு ஸ்க்ரூ குறைந்தால் மேஸ்திரியைக் கிழித்துத் தொங்க விட்டிருப்பேன்.

எனக்குக் கோபம் போகவில்லை. உன் மேல் இருக்கிறது, அக்கா மேல் இருக்கிறது, கண்ணாடி போட்ட கேபினெட் விற்ற கடைக்காரன் மேல்கூட இருக்கிறது. மிளகு மேல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. பயம்தான் இருக்கிறது. இன்றைக்குப் பெட்டியும் திரையும். நாளைக்குத் தலையணையையும் கட்டி இழுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டால் நீயும் நானும் யாரைப் பிடித்து இழுப்போம்? நாம் இழுத்த இழுப்பில்தான் அவள் நடுவில் நிற்காமல் போய்விட்டாள். இதை நீ படிக்கும்போது 'ஒப்புக்கொண்டார்' என்று குதிக்காதே. உன்னையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

மிளகின் அப்பா


ஏப்ரல் 2

மிளகின் அப்பாவுக்கு,

குதிக்கவில்லை. நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தலையணை வரியைப் படித்துவிட்டு, எழுந்து போய் அவள் கட்டிலில் தலையணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது.

எனக்கும் உன் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. பிரேக் கட்டையை நான் மறக்கமாட்டேன். மறக்கச் சொல்லாதே.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மிளகு தானாகவே பேச்சை எடுத்தாள். நம் இரண்டு பேரிடமும் ஆளுக்கு ஒன்று கேட்டிருக்கிறாள். என்னிடம், நீளமான வயர் ஒன்று. திரை ஜன்னலுக்கு எதிரே இருப்பதால் கண் கூசுகிறதாம், தள்ளி வைக்க வேண்டும். "நீதானம்மா கண்ணைப் பாத்துக்கச் சொன்ன" என்றாள். வாங்கிவிட்டேன். மேசைக்கு ஒரு விளக்கும், முதுகுக்கு ஒரு திண்டும் சேர்த்து எடுத்துக் கூடையில் வைத்தேன். கல்லா வரைக்கும் போனேன். விளக்கையும் திண்டையும் திரும்ப அதன் அதன் இடத்தில் வைத்துவிட்டு, வயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உன்னிடம் ஸ்க்ரூ கேட்கச் சொன்னாள். கைப்பிடி ஆடுகிறதாம். எல்லா ஓட்டைக்கும் ஒரே அளவாக நாலு வேண்டும், எந்த அளவு என்று அப்பாவுக்குத்தான் தெரியும் என்றாள். வாங்கி அண்ணியிடம் கொடுத்துவிடு. நீ போய்ப் பொருத்தாதே, அவள் பொருத்தட்டும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் அப்புறம் நீ கிரைண்டரையும் எடுப்பாய்.

நாலு போதும். உன்னை எனக்குத் தெரியும், ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போய் நிற்பாய். நாலே நாலு கொடு.

மிளகின் அம்மா